ஜட்ஜம்மா கலக்கிய சோப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லாவிட்டால் உன் அம்மா சொல்லுவாள், அவள் சொன்னால் கண் காது மூக்கு வைத்துச் சொல்லுவாள். நான் இப்போதெல்லாம் சோப்பை நக்குகிறேன். பைத்தியம் பிடிக்கவில்லை, பயப்படாதே. வீட்டில் சோப்பு செய்தால் அதில் காரம் மிச்சம் இருக்கிறதா என்று நாக்கு நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டுமாம், சுரீர் என்று பேட்டரி மாதிரி அடித்தால் இன்னும் ஆகவில்லை, வெறும் சோப்பு ருசி வந்தால் குளிக்கலாம் என்று உன் அம்மா போனில் பார்த்துச் சொன்னாள். நாக்கு யாருடையது என்று வந்தபோது உன் அம்மாவும் அத்தையும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலோரம் நின்று வரிசையாக நக்கிக்கொண்டு வருவதைப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலமே உன் அம்மாவிடம் வந்து, வீட்டில் ஏதாவது கஷ்டமா, சாப்பாடு கொடுத்தனுப்பட்டுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறார். உன் அம்மா விளக்கம் சொல்ல வேண்டாமா? குடுங்கண்ணே, புண்ணியமாப் போகும் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

மற்றபடி நான், உன் அம்மா, உன் அத்தை, ஆடு எல்லோரும் இங்கே சௌக்கியம், யார் சௌக்கியமாக இருந்துகொண்டு மற்றவர்களைப் படுத்துகிறார்கள் என்பது போகப் போகத் தெரியும். அங்கே நீ சௌக்கியமா, ஆஸ்பத்திரி வேலை எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா அல்லது போனில் என்னிடம் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு பிஸ்கட் பொட்டலத்தோடு படுத்துவிடுகிறாயா? உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. போனை எடுத்தாலே உன் அத்தை ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவளைப் பற்றி அவள் முன்னாலேயே எப்படிப் பேசுவது? அதனால் வீட்டை ஒட்டின ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து, ஒரு வண்டி சீட்டையே மேசையாக்கி எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் வண்டி ஸ்டாண்ட் சரியில்லை என்று வைத்துக்கொள், நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

உன் அத்தை எங்களோடு வந்து இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும், ஏன் வந்தாள் என்பது அரைகுறையாகத்தான் தெரியும். நடந்தது இதுதான். அவள் மருமகள் ஒருநாள் வேலையிலிருந்து வந்து வாசல் கதவைத் திறந்தால் வீடு பூராவும் கேஸ் நாற்றம். குழந்தை கூடத்தில் பாயில் தூங்குகிறது, அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து அவனுக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள். மருமகள் குழந்தையை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடி, திரும்பி வந்து அடுப்பை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, பதறின பதற்றத்தில் கத்தியிருக்கிறாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தை என்ன செய்தாள் தெரியுமா, என் மூக்குக்குத் தெரியாம இந்த வீட்டுல கேஸ் வருமா, நீயே வந்து திறந்துவிட்டுட்டு என் தலையில கட்டறியா என்று திருப்பிக் கத்தினாள். சாயங்காலம் வந்த மகன், ஏம்மா, தெரியாம நடந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லேன் என்றிருக்கிறான். அவ்வளவுதான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். அவள் மூக்கைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் நான் திருட்டு பீடி குடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, கொய்யா இலையை மென்று, தலைக்குக் குளித்துவிட்டு வந்தாலும் வாசலிலேயே காதைப் பிடிப்பாள். அந்த மூக்கின் பேரில்தான் அவள் சண்டை போட்டாள். நாங்களும், சரி, மருமகள்தான் அவசரப்பட்டு ஏதோ சொல்லிவிட்டாள் என்று நினைத்தோம். வந்ததிலிருந்து பேரனைப் பார்க்கவில்லை, போனில்கூட அவனோடு பேசவில்லை. அவன் சட்டை ஒன்றைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள் என்று உன் அம்மா சொன்னாள். அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வந்தவள் சும்மா இருந்தாளா? அடுப்படியில் தீர்ப்பு, கொடியில் துணி காயப்போடுவதில் தீர்ப்பு, நான் இருமினால் அதற்கு ஒரு தீர்ப்பு. அதனால் ஜட்ஜம்மா என்று பேர் வைத்தேன். அவள் காதில் விழாதபடி வைத்தேன், விழுந்துவிட்டது, அதற்கும் ஒரு தீர்ப்பு வந்தது.

ஆடு வந்த கதை வேறு. பழைய கார்புரேட்டர் ஒன்று வாங்கப் போய் ஆட்டோடு திரும்பி வந்தேன், அதை விளக்கப் போனால் இந்தக் கடிதம் முடியாது. வாசலுக்கு யார் வந்தாலும் பையைக் குடைந்து, சட்டைப் பாக்கெட்டை மோந்து, திருப்தியானால்தான் உள்ளே விடும், அதனால் இன்ஸ்பெக்டர். பால் நன்றாகக் கறக்கிறது, குடிக்கத்தான் ஆளில்லை. உன் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, ஆட்டுக்கு முத்தம் குடுத்த மாதிரி இருக்கு என்று வைத்துவிட்டாள். நான் வாங்கி வந்தவன் என்ற வீம்புக்குக் கொஞ்ச நாள் குடித்தேன், அப்புறம் யாரும் பார்க்காதபோது செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன், செடியும் வாடிவிட்டது. உன் அத்தை ஒருத்திதான் டம்ளர் டம்ளராகக் குடித்தாள். என்ன வாடை, ஒரு வாடையும் இல்ல, உங்களுக்கெல்லாம் நாக்கு நீளம் என்று திட்டிக்கொண்டே குடித்தாள். எங்களுக்கு அது அவளுடைய பெருந்தன்மையாகத் தெரிந்தது. இதை ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்.

மிஞ்சின பாலை என்ன செய்வது என்று உன் அம்மா போனைக் குடைந்தபோதுதான் சோப்பு கண்ணில் பட்டது. என் கை லட்சணம் உனக்குத் தெரியும், கிரீஸும் கரியும் ஏறி, தேய்த்துத் தேய்த்து வெடித்துப் போன கை, ஆட்டுப்பால் சோப்புக்கு அது மிருதுவாகிவிடும் என்று யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே வீடியோவில் சொன்னாளாம். பாலை அப்படியே ஊற்றக் கூடாது. ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி, அந்தக் கட்டி மேல் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரைக்க வேண்டும், இல்லையென்றால் பால் தீய்ந்து செங்கல் நிறத்துக்குப் போய்விடும். அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது, எவர்சில்வர்தான். கண்ணில் தெறித்தால் ஆபத்து என்றதும் உன் அம்மா என் ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, மழைக்கோட்டும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு கொல்லையில் நின்று கிளறினாள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் பக்கச் சந்து வழியாக வந்து அவளைப் பார்த்தார். மீட்டரைப் பார்க்காமலே போய்விட்டார். அப்புறம் தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து, கையில் பிடித்து அடிக்கிற மிஷினால் அடித்து, கரண்டியை இழுத்தால் கோடு அழியாமல் நிற்கிற பதம் வந்ததும், நீ அனுப்பின வாசனை எண்ணெய்ப் பெட்டியிலிருந்து லாவெண்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அச்சுக்கு என் ஸ்பேனர் டிராயரைப் பிடுங்கிக்கொண்டார்கள், அடியில் கிடந்த ஒரு ஸ்பேனரைக் கவனிக்காமல் அதன் மேலேயே காகிதம் விரித்து ஊற்றினார்கள். மறுநாள் கத்தியால் துண்டு போட்டு உன் அறையில், உன் புத்தக அலமாரியில் காயப் போட்டோம். வாரக்கணக்கில் காய வேண்டுமாம். உன் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன, நீ இங்கே இருந்தபோதும் அங்கேதான் கிடந்தன.

முதல் சோப்பு பிரமாதம். எல்லாத் துண்டிலும் பதினாலாம் நம்பர் ஸ்பேனரின் தழும்பு இருக்கிறது, கம்பெனி முத்திரை என்று வைத்துக்கொண்டோம். அதிலிருந்து ஜட்ஜம்மாவுக்குக் குறை. முகர்ந்து பார்த்துவிட்டு, இதுல என்னம்மா வாசனை இருக்கு, வெறும் சுண்ணாம்புக் கட்டி, அடுத்த தடவை வாசனையை நான் பார்த்துக்கறேன், நீ கையை வைக்காதே என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆட்டைப் பார்த்தேன்.

அடுத்த தடவை ஜட்ஜம்மா கிராம்பு எண்ணெயை எடுத்தாள். சில சொட்டுதான் விட வேண்டும், அது முரட்டு எண்ணெய். இவள் விட்டாள், குனிந்து மோந்தாள், இன்னும் வரல என்றாள். மறுபடி விட்டாள், பாத்திரத்துக்குள் முகத்தையே விட்டு மோந்தாள், எவனோ தண்ணியைக் கலந்து வித்திருக்கான், பாவம் பிள்ளையை ஏமாத்திட்டான் என்று உனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே பாட்டிலைக் கவிழ்த்துவிட்டாள். கிராம்பு அதிகமானால் சோப்பு அந்த நிமிஷமே இறுகிவிடும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கரண்டி நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது. அதோடு போகவில்லை, அந்த நெடி கிளம்பித் தெருவெல்லாம் பரவிவிட்டது. பல் டாக்டர் வீட்டைக் கொண்டுவந்து எங்கள் கொல்லையில் இறக்கின மாதிரி இருந்தது. தையல்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மிஷினை நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் தொடர்ச்சியாகத் தும்மி, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, இருட்டின பிறகுதான் திரும்பி வந்தது. உன் அம்மா ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். இத்தனைக்கும் நடுவில் உன் அத்தை ஒருத்தி மட்டும் கண் கலங்காமல், கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டே, ஏன்டா எல்லாரும் நாடகம் போடறீங்க, அப்படி என்ன வாசனை வந்துடுச்சு என்று கேட்டாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இவளுக்கு மூக்குக்குப் பதிலாக வெறும் அலங்கார வளைவுதான் இருக்கிறது என்று வேறு சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

என் புத்தி உனக்குத் தெரியுமே, ஒரு விளையாட்டு கிடைத்தால் அதை அத்தோடு விடமாட்டேன். மறுநாள் காலி லாவெண்டர் பாட்டிலில் கார்புரேட்டர் கழுவுகிற பெட்ரோலைக் கொஞ்சம் ஊற்றி எடுத்துப் போனேன். அக்கா, பாப்பா புதுசா ஒண்ணு அனுப்பியிருக்கா, உசத்தி சரக்காம், உன் மூக்குதான் சொல்லணும் என்று நீட்டினேன். மூக்கில் நெடி ஏறி, செருப்பைக் கழற்றிக்கொண்டு துரத்துவாள், ஓடுவதற்குத் தயாராக ஒரு கால் படிக்கட்டில் வைத்திருந்தேன். அவள் பாட்டிலை வாங்கி, கண்ணை மூடி, நன்றாக இழுத்து மோந்தாள். ஆஹா, என்ன மணம், பிள்ளைக்கு நல்ல கை, இது பூவுலயிருந்து எடுக்கறதா என்று கேட்டாள். பாப்பா, நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஆட்டுப்பால் ஞாபகம் வந்தது, கிராம்பு ஞாபகம் வந்தது, அப்புறம் கேஸ் ஞாபகம் வந்தது.

பாட்டிலைத் திருப்பி வாங்கி, அக்கா, இது பெட்ரோல் என்றேன். அவள் என் கன்னத்தில் ஒன்று விட்டாள். இந்த வயதில் அடி வாங்கினேன், வலித்தது, கம்மி அடி ஒன்றும் இல்லை. அப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, ஆகவே எழுந்து போய் ஆட்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன். பிறகு அவளே சொன்னாள். மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்துச்சில்ல, அதுலயிருந்து ஒண்ணுமே தெரியலடா, சோறு அட்டையை மெல்ற மாதிரி இருக்கு, என் புடவையில என் வாசனைகூட எனக்கு வரல என்றாள். அன்னைக்குப் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கு, நான் அடுத்த ரூம்ல உட்கார்ந்து விசிறிட்டிருக்கேன், பிள்ளை நல்லாத் தூங்கறானேன்னு சந்தோஷப்பட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்டா என்றாள். அவ கத்தினதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நான்தான்னு. ஒத்துக்கிட்டா என்ன சொல்லுவாங்க, பரவாயில்லம்மா, பார்த்து இருங்கம்மான்னு சொல்லி மறுநாளும் பிள்ளையை என்கிட்டயே விட்டுட்டுப் போவாங்க. நான் எதை வச்சுப் பார்த்து இருப்பேன், அதான் சண்டை போட்டுட்டு வந்துட்டேன் என்றாள்.

பேரனை விட்டுக் கோபத்தில் வந்தாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பேரனுக்குத் தன்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் வந்திருக்கிறாள். ஜட்ஜம்மா ஜட்ஜம்மா என்று நான் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தேனே, அவள் எங்களுக்குச் சொன்னதெல்லாம் சும்மா, பெரிய தீர்ப்பைத் தனக்குத்தானே எழுதி, ஒருத்தருக்கும் காட்டாமல் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தன் மகனிடம் சொல்லக் கூடாது, மருமகளிடம் சொல்லவே கூடாது என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். செய்து கொடுத்தேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் என்னைத் திட்டிவிட்டு, அண்ணியை மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு மூக்கு இப்படித் தூங்கிப் போகுமாம், சிலருக்குத் திரும்ப வருமாம், வராமலும் போகுமாம், உறுதி சொல்ல முடியாது என்றாராம். மருந்து ஒன்றும் பெரிதாக இல்லை, நாலைந்து அழுத்தமான வாசனைகளை எடுத்து, காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொன்றாக மோந்து, அது எப்படி இருந்தது என்று மனதில் நினைத்து நினைத்துப் பழக்க வேண்டும் என்றாராம். எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு என்று டாக்டர் சொல்லச் சொல்ல உன் அம்மா, ஒரு பெட்டியே இருக்கு டாக்டர் என்றாளாம். நீ இருக்கிற இடத்திலும் பெரிய டாக்டர்கள் இருப்பார்களே, ஒரு வார்த்தை கேட்டு எழுது. இப்போது உன் அறை சோப்புக்கும் மூக்குக்கும் சேர்ந்து பள்ளிக்கூடமாகிவிட்டது. அத்தை தினமும் உன் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாக மோந்து, இல்ல, இல்ல, இதுவும் இல்ல என்று தள்ளுபடி செய்கிறாள். கிராம்பு எண்ணெய் தீர்ந்துவிட்டதால், கரண்டியோடு இறுகிப்போன அந்தக் கிராம்புக் கட்டியையே மூக்கில் வைத்து மோக்கிறாள். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்றால், ஒருத்தன் நக்குகிறான், ஒருத்தி மோக்கிறாள், ஒருத்தி ஹெல்மெட் போட்டுக்கொண்டு கிளறுகிறாள். தையல்காரர் இப்போதெல்லாம் எங்கள் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை.

சத்தியம் சத்தியம்தான், நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒன்று செய்தால் உறவுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? அந்தக் கிராம்புப் பாளத்தின் ஒரு பக்கத்தை உளியால் உடைத்து, காகிதத்தில் சுற்றிக்கொண்டு உன் அத்தை மகன் வீட்டுக்குப் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் கதவைத் திறந்ததுமே இரண்டு அடி பின்னால் போய், என்ன மாமா, நேரா பல் டாக்டர் கிட்டயிருந்தா வர்றீங்க என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் செய்த சோப்பு என்றேன். இவ்வளவா ஊத்துவாங்க, யாரு மாமா கலக்கினது என்று கேட்டாள். உன் மாமியார்தான் பக்கத்துலயே நின்னு மோந்து மோந்து கலக்கினாங்க என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது, அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. அவள் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தபடியே நின்றாள். கல்யாணமான புதிதில் ஒரு செண்டு பூசிக்கொண்டதற்காக அவளை உன் அத்தை வாசலில் நிறுத்தி, பக்கத்துத் தெருவரைக்கும் அடிக்குது என்று சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் மறந்திருக்காது. மெதுவாக, அவங்களுக்கு இது அடிக்கலயா மாமா என்று கேட்டாள். நான் தண்ணீர் குடிக்கணும் என்றேன். அவள் தண்ணீர் கொண்டுவரப் போனவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள், நான் தாகத்தோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வெறுங்கையோடு வந்து, நான் என்னென்னவோ கத்திட்டேன் மாமா என்றாள். அந்தத் தண்ணீர் இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். குழந்தை இறங்கின வேகத்தில் இன்ஸ்பெக்டரைப் பார்த்து அலறி, இன்ஸ்பெக்டர் அவன் சட்டைப் பாக்கெட்டைச் சோதனை போட்டு, பிஸ்கட்டைக் கைப்பற்றி, இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். உன் அத்தை உன் அறையை விட்டு வெளியே வரவில்லை. மருமகள்தான் உள்ளே போனாள். கையில் ஒரு சின்னப் பெட்டி, கேஸ் கசிந்தால் கூவுகிற கருவியாம், அடுப்படிச் சுவரில் மாட்டுவதாம். அதை அத்தை மடியில் வைத்துவிட்டு, இனிமே நம்ம வீட்டுக்கு மூக்கு இதுதான் அத்தை, வாய்க்கு நீங்க இருந்தாப் போதும் என்றாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன், ஒட்டுக்கேட்கவில்லை, சோப்பைத் திருப்பி வைக்கப் போனேன். எனக்கு இந்தப் பெண் இவ்வளவு நாள் நம் குடும்பத்தில் இருந்தும் இவளை நான் சரியாகக் கவனிக்கவில்லையே என்று இருந்தது, பேசினால் என்னையே தோற்கடித்துவிடுவாள். அத்தை கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கு வந்ததும் வர்றேன் என்றாள். வராட்டியும் வாங்க என்றாள் அவள். அத்தை, பிள்ளைக்கு யாரு இப்படி முடி வெட்டினது, எலி கடிச்ச மாதிரி என்று கேட்டாள். மகன் தலை குனிந்துகொண்டான், வெட்டினது அவன்தான். போகும்போது குழந்தை அத்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றான். அவள் அவன் உச்சந்தலையில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் மோந்தாள். நாங்கள் யாரும் என்ன வருகிறது என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலையில் துணியைப் பெட்டியில் அடுக்குகிறாள், சாயங்காலம் வெளியே எடுத்து மடிக்கிறாள். மகன் வண்டி கொண்டுவரட்டுமா என்று கேட்டால் பார்க்கலாம் என்கிறாள். அவளுக்கு இன்னும் அந்தப் பயம் விடவில்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்குத் திட்டு குறைந்துவிடும், உன் அம்மா ஒருத்தியே இரண்டு பேர் வேலையைப் பார்க்க வேண்டும். இருந்தாலும் அவள் போக வேண்டும் என்றுதான் எனக்கு இருக்கிறது. நீ போனில் பேசும்போது மூக்கைப் பற்றி எதுவும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே, சோப்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல், கிராம்பு சோப்பு என்று குறிப்பாகச் சொல்.

இதோடு சில துண்டுகள் அனுப்புகிறேன். வெள்ளையாக இருப்பது லாவெண்டர், முகத்துக்குப் போடலாம், ஸ்பேனர் தழும்பைப் பார்த்துப் பயப்படாதே. காவிக் கல் மாதிரி இருப்பது கிராம்பு, அதை உடம்பில் தேய்க்க வேண்டாம், எரியும், உன் அறைத் தோழி குறட்டை விடுகிறாள் என்றாயே, அவள் தலைமாட்டில் வை. எல்லாமே நான் நக்கிப் பார்த்ததுதான், நன்றாகக் கழுவிவிட்டுப் பயன்படுத்து. என் கை உண்மையிலேயே மிருதுவாகிவிட்டது, ஸ்பேனர் வழுக்குகிறது. ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் காலைக் கழுவிவிட்டு, ஏதாவது சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் படு. குளிருக்குக் காதை மூடு, அழகு குறையாது, இருப்பது என் ஜாடைதானே. அங்கே உன் அடுப்படியிலும் அந்தக் கூவுகிற கருவி ஒன்றை வாங்கி மாட்டு, இது விளையாட்டு இல்லை, மாட்டிவிட்டு எனக்கு எழுது. எங்கே இருந்தாலும் வயிறு நிறைய, மனசு நிறைய நன்றாக இரு என்று உன் அம்மாவும் நானும் நினைக்காத நாள் இல்லை. அத்தையின் ஆசீர்வாதமும் உண்டு, அவளிடம் கேட்காமலே எழுதுகிறேன். முக்கியமாக, கிராம்பு எண்ணெய் ஒரு பாட்டில் அனுப்பு. சின்ன பாட்டிலாக அனுப்பு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றதைத் தவிர உருப்படியாக ஒன்றும் செய்யாதவன் என்று உன் அம்மா சொல்கிற,
உன் அப்பா

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து உன் அத்தை, டேய், ரப்பர் கருகுதுடா என்று கத்தினாள். கடைசிப் பத்தி எழுதுவதற்கு முன்னால் எழுந்து இந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினேன், சைலன்சர் ஆறவில்லை, அதன் மேல் இடது காலை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். வாசனை வந்ததா, புகையைப் பார்த்தாயா என்று கேட்டேன். அவள் அடுப்படியில் இருந்தாள், அங்கிருந்து ஒர்க்‌ஷாப் தெரியாது. மகனுக்குப் போன் போட்டு வண்டி கொண்டு வரச் சொல்லிவிட்டாள். வலது கால் செருப்பு நன்றாக இருக்கிறது.